அசனத்துக்கு வராத அரிசி

பாளையங்கோட்டை
12 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சாலமோன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். இந்த வீட்டில் சுகம் விசாரிக்க வேறு ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். பூனாவில் நீ, ஸ்வீட்லின், மருமகன் எல்லாரும் நலம்தானே? போனில் உன்னோடு பேசுவதை நான் விட்டுவிட்டேன். நான் ஒன்று கேட்க, உன் செத்த காதுக்கு எட்டாமல் நீ வேறொன்று சொல்ல, பக்கத்தில் நிற்கிறவன் சிரிக்கிறான். நமக்குத் தபால்தான் சரி.

கடை ஓடுகிறது. வெயில் ஏறினால் கிணறு இறங்கும், கிணறு இறங்கினால் மோட்டார் விற்கும். சேரன்மகாதேவியிலிருந்து சாத்தான்குளம் வரை எவன் தோட்டத்தில் எத்தனை அடி போர், என்ன சைஸ் குழாய் என்பதெல்லாம் நாற்பது வருஷமாக என் மண்டைக்குள் இருக்கிறது, நோட்டு வேண்டாம். பிச்சைக்கண்ணு என்னிடம் வந்து இருபத்தாறு வருஷம். பேரன் எடுத்துவிட்டான், இன்னும் நான் வாய் திறந்தால்தான் சரக்கு ஏற்றுவான்.

போன வாரம் ஒரு வேடிக்கை. காலையில் ஸ்கூட்டரை எடுத்தவன் நேரே பழைய கடைத் தெருவில் போய் நின்றேன். அந்தக் கடையை விட்டுப் பதினேழு வருஷம் ஆகிறது. இப்போது அங்கே அஃப்சல் செல்போன் கடை வைத்திருக்கிறான். ஷட்டர் சாவியோடு நின்ற என்னைப் பார்த்து, என்ன அண்ணாச்சி வேணும் என்று கேட்டான். சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லித் திரும்பினேன். பழக்கம் காலில் ஊறிக் கிடக்கிறது, வேறென்ன.

ஒவ்வொரு கடிதத்துக்கு அடியிலும் ‘உன் சுயபுத்தியின்மேல் சாயாமல், உன் முழு இருதயத்தோடும் கர்த்தரில் நம்பிக்கையாயிரு’ என்று எழுதுகிறாயே, அது எனக்கு வைக்கிற குட்டு என்று தெரியும். வாலிப வயசில் கோயிலில் திடப்படுத்தல் எடுத்தபோது அதே வசனத்தைக் கொடுத்த போதகர் ஐயாவிடம், ‘சுயபுத்தி இல்லாம எப்படி ஐயா கடை வைக்கது?’ என்று கேட்டவன் நான். கோயில் மணி அடித்துப் பிழைத்த நம் அப்பாவின் பிள்ளைக்குப் புத்தியைத் தவிர வேறு என்ன முதல் இருந்தது? அதுவும் போக, அந்த நீதிமொழியை எழுதினதே சாலமோன்தான். அவருக்கு இல்லாத சுயபுத்தியா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
சாலமோன்


பூனா
26 ஜூன் 2024

தம்பி சாலமோனுக்கு,

அக்கா தேவமணியின் அன்பு. உன் கடிதம் வந்த அன்று இரண்டு தரம் படித்தேன். காலை எட்டரைக்கு எல்லாரும் வேலைக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் கதவு திறக்கும். அதுவரைக்கும் நானும் சுவரும்தான். முட்டுவலி இருக்கிறது. மற்றபடி சுகம்.

பழைய கடைக்குப் போனதை வேடிக்கை என்று எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் வீட்டுக்காரி ரூபவதி போய் மூன்று வருஷமாகிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? மகன் பெனோவிடம் வாரா வாரம் பேசுகிறாயா, அல்லது அவன் மெல்போர்னிலிருந்து கூப்பிட்டால் ‘நல்லாருக்கேன், வையி’ என்று வைத்துவிடுகிறாயா?

குட்டு என்றால் குட்டுதான், வாங்கிக்கொள்: ‘உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்...’

தேவமணி


பாளையங்கோட்டை
10 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

சுகம். நீயும் முட்டுக்கு எண்ணெய் போட்டுச் சுகமாயிரு.

நம் ஊர்க் கோயில் அசனத்துக்குத் தேதி வைத்துவிட்டார்கள். செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. இந்த வருஷம் ஆயிரத்தைந்நூறு பேருக்குச் சாப்பாடு. சாமான் வாங்கிக் கொடுப்பது வழக்கம்போல நான். பருப்பு, காய், தேங்காய் என்று கடைக்காரர்களிடம் பிச்சைக்கண்ணு போய்ச் சொல்லுவான். அரிசிக்கு மட்டும் நானே மண்டியில் போய் உட்கார்ந்து, கையில் அள்ளிப் பார்த்துச் சொல்லுவேன். பத்தொன்பது வருஷமாக அதில் வேறு ஆளை விட்டதில்லை. ஊரே சாப்பிடுகிற சோறு, அதில் ஏமாறக் கூடாது.

பக்கத்து வீட்டு அர்ஷியா டாக்டர் படிப்புக்கான பரீட்சையில் தேறிவிட்டாள். அவள் அம்மா ஒரு தட்டு அல்வா கொடுத்தாள்.

சாலமோன்


பாளையங்கோட்டை
13 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

எழுதி ரொம்ப நாளாகிறது, கோபித்துக்கொள்ளாதே. சுகம்தான்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. நம் ஊர் அசனத்துக்குத் தேதி வைத்துவிட்டார்கள், செப்டம்பர் 15. சாமான் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். அரிசிக்கு நானே மண்டிக்குப் போவேன். பக்கத்து வீட்டு அர்ஷியா மெடிக்கல் காலேஜ் பரீட்சையில் தேறியிருக்கிறாள். அல்வா தந்தார்கள்.

உன் முட்டு எப்படி இருக்கிறது?

சாலமோன்


பூனா
30 ஜூலை 2024

தம்பிக்கு,

இரண்டு கடிதமும் வந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அர்ஷியாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லு.

ஒரு யோசனை. எனக்கு இப்போது எதுவும் நிற்பதில்லை. மாத்திரை, பால், வேலைக்காரி வருகிற நாள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டியிருக்கிறேன். நீயும் அசனச் சாமானை ஒரு தாளில் எழுதி வை. வயசானால் எல்லாரும் செய்கிறதுதான். நான் சொல்வதற்காகவாவது செய்.

‘உன் சுயபுத்தியின்மேல் சாயாமல், உன் முழு இருதயத்தோடும் கர்த்தரில் நம்பிக்கையாயிரு.’ இதைக் குட்டாக எழுதவில்லை.

தேவமணி


பாளையங்கோட்டை
20 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

அசனத்தன்று மத்தியானம் அடுப்பு மூட்டி, அண்டாக்களில் உலை கொதிக்கிறது. வண்டியில் பருப்பு வந்தது, கத்தரிக்காய் வந்தது, தேங்காய் வந்தது. அரிசி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மண்டி பூட்டு. மண்டிக்காரர் வீட்டுக்குப் போன் போட்டால், ‘நீங்க இந்த வருஷம் சொல்லவே இல்லையே அண்ணாச்சி, வேற இடம் பார்த்துட்டியளாக்கும்னு இருந்தேன்’ என்கிறார்.

பிறகு வீடு வீடாகப் போய் அரிசி கேட்டார்கள். பெண்கள் படி படியாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி, பச்சரிசி எல்லாம் ஒரே அண்டாவில். ஒன்று குழைந்தது, ஒன்று வேகவே இல்லை. நாலு மணிக்குப் போடவேண்டிய பந்தி ஏழு மணிக்குப் போட்டது. இலையில் உட்கார்ந்த ஒருவன், ‘இந்த வருஷம் சாலமோன் அண்ணாச்சி நம்ம பல்லை எண்ணிப் பார்க்காரு’ என்றான். பந்தி முழுக்கச் சிரிப்பு.

கமிட்டியார் என்னைக் கேட்டார்கள். பிச்சைக்கண்ணுவிடம் புதன்கிழமையே சொன்னேன், அவன் மறந்துவிட்டான் என்று சொன்னேன். அவன் பக்கத்தில்தான் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான். வாயே திறக்கவில்லை. தப்பு செய்யாதவன் ஒரு வார்த்தை சொல்லமாட்டானா?

மறுநாள் இனிமேல் கடைக்கு வரவேண்டாம் என்றேன். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். இருபத்தாறு வருஷம் சோறு போட்டதற்கு இதுதான்.

சாலமோன்


பூனா
3 அக்டோபர் 2024

சாலமோனுக்கு,

சுகம் விசாரிக்க மனசில்லை. நேரே கேட்கிறேன்.

அரிசிக்கு நானே மண்டிக்குப் போவேன், வேறு ஆளை விடமாட்டேன் என்று ஜூலையில் எழுதினாய். ஒரு தரம் இல்லை, மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தரம். முதல் கடிதம் எழுதியது உனக்கு நினைவே இல்லை. இரண்டும் என் பெட்டியில் இருக்கின்றன.

அப்படியிருக்க, பிச்சைக்கண்ணுவிடம் என்றைக்குச் சொன்னாய்? அவன் வாய் திறக்காததை நீ குற்றமாக எண்ணுகிறாய். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் நான். தப்பு செய்தவன் நிறையப் பேசுவான், அதைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஏலே, நீ டாக்டரைப் பார். தனியாகப் போகாதே, யாரையாவது கூட்டிக்கொண்டு போ.

‘உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்.’

தேவமணி


பாளையங்கோட்டை
11 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

எனக்கு ஒன்றுமில்லை. கடையில் நானே நின்று நானே ஏற்றி அனுப்புகிறேன். பிச்சைக்கண்ணு போனதிலிருந்து கடைக்குக் கண் பட்டுவிட்டது, அனுப்பின சரக்கெல்லாம் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். அதற்காக என்னைப் பைத்தியக்காரன் ஆக்காதே. பெனோவுக்கு எதுவும் எழுதாதே.

அந்த வசனத்தையும் இனி எழுதாதே.

சாலமோன்


பூனா
1 நவம்பர் 2024

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாயிரு. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நீ சொன்னபடி வசனம் எழுதவில்லை. தாளில் அடிப்பக்கம் காலியாக இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

தேவமணி


பாளையங்கோட்டை
30 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். எழுதினதையே திரும்ப எழுதாமலிருக்க ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஒரே வாரத்தில் ஏழு பேருக்கு அளவு மாற்றி அனுப்பியிருந்தேன். ஒருவன் குழாயை வாசலில் போட்டுவிட்டு, ‘அண்ணாச்சி, ஒங்ககிட்ட வாங்குனா அளக்கவே வேண்டாம்னு எங்கப்பா சொல்லுவாரு’ என்றான். சண்டைக்கு வந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவன் வருத்தமாகச் சொன்னான்.

டாக்டரிடம் போனேன். தனியாகத்தான் போனேன். ஒரு வட்டம் போட்டுக் கடிகாரம் வரையச் சொன்னாள். பேத்தி வயசு இருக்கும் அவளுக்கு. வரைந்தேன். பன்னிரண்டு எண்ணும் ஒரே பக்கத்தில் குவிந்து கிடந்தன. தப்பு என்று தெரிகிறது, எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை. பிறகு மூளையைப் படம் எடுத்தார்கள். மறதி நோய்தான், ஆரம்பக் கட்டம் என்றாள். மாத்திரை வேகத்தைக் குறைக்குமாம், போனதைத் திருப்பித் தராதாம். ‘அடுத்த தடவை கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க’ என்றாள். சரி என்று வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து யாரைக் கூட்டிப் போவது என்று யோசித்தேன். இறங்குகிற இடம் தாண்டிப்போனது.

நீ கேட்டதற்குப் பதில். பிச்சைக்கண்ணுவிடம் நான் சொல்லவில்லை. கமிட்டி சுற்றி நின்று கேட்டபோது, எனக்கு மறந்துவிட்டது என்று சொல்ல நாக்கு எழவில்லை, பயம். அவன் பேர் வாயில் வந்தது. மறுநாள் விடியும்போது, சொன்னது உண்மை என்றே தோன்றிவிட்டது. புதன்கிழமை, அவன் நின்ற இடம் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. என் புத்தி இப்போது அப்படி. மறப்பதோடு நிற்பதில்லை, நடக்காததைச் செய்தும் தருகிறது.

ராத்திரி வசனத்தை எடுத்துப் பார்த்தேன். நீ பாதிதான் எழுதுவாய். மீதி இப்படிப் போகிறது: ‘உன் வழிகளிலெல்லாம் அவரை நினைத்துக்கொள், அப்பொழுது அவர் உன் பாதைகளைச் செவ்வைப்படுத்துவார்.’ நினைத்துக்கொள் என்று இருக்கிறது. அரிசியை மறந்தவன் நாளைக்கு அவரையும் மறப்பேன். மறந்தவனுக்கு இந்த வசனத்தில் என்ன இருக்கிறது? ஐயாவிடம் கேட்டால் ஜெபம் பண்ணுவார். நீ டீச்சர், உனக்குத் தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது.

பயமாக இருக்கிறது அக்கா.

சாலமோன்


பூனா
23 டிசம்பர் 2024

என் தம்பிக்கு,

தெரியாது. அதைத்தான் முதலில் எழுதவேண்டும். மூன்று வாரம் வசனம் தேடினேன். நிறையக் கிடைத்தன. ஒன்றையும் உனக்கு எழுதக் கை வரவில்லை. மருந்துச் சீட்டு மாதிரி இருந்தது.

தெரிந்த ஒன்றை எழுதுகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு இங்கே தமிழ் ஆராதனை. ஸ்வீட்லின் கூட்டிப்போவாள். காது மிஷின் போட்டால் இரைச்சல், போடாவிட்டால் ஒன்றுமில்லை. எல்லாரும் பாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். முதல் வருஷம் அழுகையாக வந்தது. நான் இங்கே எதற்கு என்றிருந்தது. பிறகு ஒரு நாள் முன்வரிசைப் பெஞ்சில் கை வைத்தேன், அது அதிர்ந்தது. நான் கேட்காததால் பாட்டு நின்றுவிடவில்லை. எனக்குத்தான் கேட்கவில்லை. பாட்டு பாட்டுக்கு நடக்கிறது, நான் அதற்குள்தான் நிற்கிறேன்.

உன் கேள்விக்கு இது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும்.

பிச்சைக்கண்ணுவிடம் போ. ஞாபகம் இருக்கும்போதே போ. அவன்மேல் நீ போட்ட பழி ஊரில் நிற்கிறது. நீ மறந்துபோனால் அதை எடுக்க ஆளே இருக்காது.

அக்கா


பாளையங்கோட்டை
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ, பிள்ளைகள் எல்லாரும் புது வருஷத்தில் சுகமாயிருக்க வேண்டும். நானும் சுகம், இன்றைக்கு.

வருஷத்தின் கடைசி நாள், பிச்சைக்கண்ணு வீட்டைத் தேடிச் சேரன்மகாதேவிக்குப் பஸ்ஸில் போனேன். ஸ்கூட்டரை விட்டுவிட்டேன். அவன் வயலுக்குப் போயிருந்தான். இப்போது கூலிக்கு நாற்று நடப் போகிறான். ஐம்பத்திரண்டு வயசில். சேறு காலோடு வந்தவன், வாங்க அண்ணாச்சி என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை.

‘அரிசியை நாந்தாம்லே மறந்தேன். உம் பேரைச் சொல்லிட்டேன்’ என்றேன்.

‘தெரியும் அண்ணாச்சி.’

‘என்ன தெரியும்?’

‘எல்லாந்தான். சித்திரையிலேயே தெரியும். நீங்க அளவை மாத்திச் சொல்லுவிய, நான் பைய சரியானதை ஏத்திருவேன். ஒரே ஆர்டரை ரெண்டு தரம் போன்ல சொல்லுவிய, நான் பின்னாலேயே போன் போட்டு ஒண்ணை நிறுத்திருவேன். அரிசி ஒண்ணுதான் எங் கைக்கு வராம போச்சு.’

‘அஞ்சு மாசமா? ஏம்லே எங்கிட்ட சொல்லல?’

அவன் காலில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே சொன்னான்: ‘என்னன்னு சொல்ல? நீங்க ஒங்க புத்தியிலதான நிக்கிய. அதைத் தட்டிவிட்டா எங்க போய் நிப்பிய?’

அக்கா, நான் அப்போதுதான் உட்கார்ந்தேன்.

அந்த ஐந்து மாதமும் உனக்கு என்னென்ன எழுதினேன் என்று பார். மண்டைக்குள் இருக்கிறது, நோட்டு வேண்டாம் என்று மார்தட்டினேன். என் புத்தி என்றைக்கோ பலமிழந்துவிட்டது. நான் விழவில்லை என்றால், அது கீழே ஒருவன் கை கொடுத்துக்கொண்டிருந்ததால்தான். எனக்குத் தெரியாமலே நான் சாய்ந்துகொண்டிருந்தேன். ஐம்பது வருஷமாக அந்த வசனத்தைப் புத்திசாலிக்கு வைக்கிற குட்டு என்றுதான் படித்தேன். இப்போது ஒரு வியாபாரி ஒப்பந்தம் படிக்கிற மாதிரி நிறுத்திப் படிக்கிறேன். உனக்கு வழி தெரியும் என்று அதில் எங்கேயும் எழுதவில்லை. பாதையை அவர் செவ்வைப்படுத்துவார் என்றுதான் இருக்கிறது. பாதை அவர் பொறுப்பு. வழி தெரிந்தவனுக்கு அந்த வசனம் எதற்கு? நினைத்துக்கொள் என்பதற்கு மட்டும் எனக்கு இன்னும் விடை இல்லை. உன் பெஞ்சை நினைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி முதல் ஞாயிறு நம் ஊர்க் கோயிலுக்குப் போனோம். பிச்சைக்கண்ணு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தான். சொல்லவேண்டியதை ஒரு தாளில் எழுதியிருந்தேன், அது வேறு சட்டையில் இருந்துவிட்டது. அறிவிப்பு முடிந்ததும் ஐயாவிடம் கேட்டு முன்னால் போய் நின்றேன். எல்லார் முகமும் தெரிகிறது. எதற்கு எழுந்தேன் என்பது போய்விட்டது. யாரோ இருமினார்கள். ஐயா, ‘உக்காருங்க அண்ணாச்சி’ என்றார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் போனது போனதுதான் என்று மட்டும் தெரிந்தது.

‘எனக்கு மறதி நோய் வந்திருக்கு’ என்றேன்.

அதைச் சொல்ல வந்தேனா என்று எனக்கே தெரியாது. இவ்வளவு நாள் ஒளித்தது அதைத்தான். அது வெளியே வந்ததும் மற்றதும் பின்னாலேயே வந்தது. ‘அசனத்துக்கு அரிசி சொல்ல மறந்தது நாந்தான். பிச்சைக்கண்ணு மறக்கல. அவன்மேல பொய் சொன்னேன்.’

வெளியே வந்ததும் இரண்டு பேர் என் கையைப் பிடித்தார்கள். மற்றவர்கள் செருப்பைத் தேடினார்கள். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். ரூபவதி இருந்தால் ‘சொல்லிட்டியளா?’ என்று கேட்டிருப்பாள். கேட்க ஆளில்லாததால் நானே சத்தமாகச் சொன்னேன், சொல்லிட்டேன் என்று.

கடையைப் பிச்சைக்கண்ணு பார்க்கிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். டாக்டரிடமும் அவன்தான் கூட வருகிறான். பெனோவுக்கு நானே சொன்னேன். அங்கே வந்துவிடுங்கள் என்கிறான். பழகின தெருவிலேயே எனக்கு வழி தப்புகிறது, மெல்போர்னில் நான் என்ன செய்வேன்?

ஒரு காரியம் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் உன் கடிதம் வரும், யார் இந்தத் தேவமணி என்று நான் கேட்பேன். டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டாள், அந்த நாள் வரும். உங்க அக்கா என்று பிச்சைக்கண்ணு சொல்லுவான். எனக்கு உன் முகம் வராது. அவன் சொல்லிவிட்டான் என்று நம்பிக்கொள்வேன். அதற்காக நீ எழுதாமல் இருந்துவிடாதே.

உன் தம்பி,
சாலமோன்